பதில்: புதுச்சேரி பாட்டில் வழக்கில் தம்பி குற்றத்தை ஒப்புக்கொள்ளலாமா?

நண்பரே, அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். புதுச்சேரியில் வாங்கிய நாலு மது பாட்டிலோடு பைக்கில் வந்த தம்பி சோதனைச் சாவடியில் பிடிபட்டார், "அபராதம் கட்டினால் முடிந்தது" என்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அபராதத்தோடு முடிந்தாலும் அது தண்டனைதான். தம்பி காவலர் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்கிறீர்களே, சரிபார்ப்பில் அது கண்டிப்பாக வரும். விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் இன்னும் மோசம்.

முதலில் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். 1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். வைத்திருந்ததற்கும் கொண்டு வந்ததற்கும் பெரும்பாலும் 4(1)(ஏ) இருக்கும். விற்பனைக்கு என்று எழுதியிருந்தால் வக்கீலிடம் உடனே காட்டுங்கள்.

அப்புறம் மகஜர், அதாவது பறிமுதலின்போது சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பதிவு. இந்த மாதிரி சின்ன வழக்குகள் ஆட்டம் காண்பது இங்கேதான். சாட்சிகள் எல்லாரும் போலீஸ்காரர்களா, மாதிரி எடுத்து முத்திரை வைத்தார்களா, ஆய்வக அறிக்கை வந்ததா? பாட்டிலில் இருந்தது மதுதான் என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. 2024 ஜூலை 1 முதல், சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டம்) 105-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவைக் கேட்கச் சொல்லுங்கள்.

பைக்குக்கு அதே மதுவிலக்குச் சட்டத்தின் 14(4)-இன் கீழ் தனி நடவடிக்கை உண்டு. நோட்டீஸ் வந்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், விட்டால் வண்டி போய்விடும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். வருமானம் குறைவு என்றால் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்னாலேயே போய்ப் பாருங்கள்.