துப்பாக்கிக் கொலைகளும் கட்டாயத் தண்டனையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

துப்பாக்கியால் உயிரைப் பறிப்பவர்களுக்கு எவ்வளவு தண்டனை என்பதை நீதிபதிகளின் விருப்பத்துக்கு விட்டிருப்பதே மக்களின் பாதுகாப்பைக் கெடுக்கிறது. சட்டமே ஒரே தண்டனையை விதித்து, அதைக் குறைக்க எவருக்கும் இடம் தராமல் இருந்தால் என்ன?

வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்கும் சட்டம் இந்தியாவில் இருந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 1988இல் சேர்க்கப்பட்ட 27(3) என்னும் பிரிவு, தானியங்கித் துப்பாக்கி போன்ற தடைசெய்யப்பட்ட ஆயுதத்தைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்தியதால் ஒருவர் இறந்தால் மரண தண்டனை மட்டுமே உண்டு என்றது. கொல்லும் எண்ணம் இருந்ததா, கைதவறி வெடித்ததா என்று பார்க்க நீதிபதிக்கு அதில் வழியில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை அரசியலமைப்புக்கு முரணானதென்று நீக்கியது. அது சரியான தீர்ப்பு என்றே நான் உறுதியாக நம்புகிறேன். கூலிக்குச் சுட்டவனையும் தவறுதலாகச் சுட்டவனையும் பிரித்தறிய மறுக்கும் சட்டத்துக்கு, யாரால் மக்களுக்கு மீண்டும் ஆபத்து நேரும் என்பதும் தெரியாது.

நீதிபதியின் உரிமை கட்டற்றதும் அல்ல. உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதற்கான குறைந்தபட்சத் தண்டனையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 2 ஆண்டுகளாக உயர்த்தியது; அதற்கும் கீழே இறங்க வேண்டுமானால் சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பிலேயே எழுதியாக வேண்டும்.

உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அது சென்று சேரவேண்டிய இடம் வேறு. 1999இல் தில்லியில் ஒரு விருந்தில் பலர் இருக்கும்போதே ஜெசிகா லால் என்ற மாடல் சுட்டுக்கொல்லப்பட்டார். 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. கொலைக்கு ஆயுளோ தூக்கோ என்று சட்டம் அன்றும் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் முக்கிய சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சிகளானார்கள், சுட்ட துப்பாக்கி கைப்பற்றப்படவே இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் சுட்டவனுக்கு ஆயுள் தண்டனை விதித்து, 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 11 ஆண்டுகள் போயிருந்தன. உரிமமற்ற துப்பாக்கி வழக்குகளிலோ, வழக்குத் தொடர மாவட்ட நடுவரின் முன்அனுமதியைக் காவல்துறை ஒழுங்காகப் பெறாவிட்டால் குற்றவாளி தண்டனை என்ற கட்டத்தை எட்டாமலே வெளியேறிவிடலாம்.

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுவதும் சட்டம்போலவே செயல்படுத்தப் பணித்தது. அதன்படி மாவட்டந்தோறும் மாவட்ட நீதிபதியின் தலைமையில் ஒரு குழு இயங்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அக்குழு இதுவரை எத்தனை சாட்சிகளுக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நீங்கள் கேளுங்கள். என் மாவட்டத்தில் நான் கேட்கிறேன்.