மலை உயரும்போது பக்கத்தில் பள்ளம் ஏன் விழுகிறது?

"இமயமலை இன்னும் உயர்கிறது என்கிறார்கள். அடிவாரத்திலுள்ள கங்கைச் சமவெளி மட்டும் ஏன் தாழ்ந்தே கிடக்கிறது?" என்பது கேள்வி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு முன்பு பதில் எழுதியவர் "ஆறுகள் வண்டலைக் கொட்டியதால் சமவெளி உண்டானது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கொட்டியது சரி ஐயா, கொட்டுவதற்கு இடம் எங்கிருந்து வந்தது? கேள்வியே அதுதானே!

மலை என்பது சுமை. இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமந்து நகரும் பெரும் பாறைப் பலகை, ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பாறைப் பாளங்கள் பெயர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ள, அவற்றின் அடியில் நுழையும் இந்தியத் தட்டு பாரம் தாங்காமல் வளைகிறது. இலவம்பஞ்சு மெத்தையில் கனத்த ஆள் உட்கார்ந்தால் அவரைச் சுற்றியும் சரிகிறது. பக்கத்தில் கிடக்கும் சில்லறை அவரை நோக்கி உருள்கிறது. அந்தச் சரிவுக்குத்தான் முன்னிலப் படுகை என்று பெயர். அடிவாரத்தை ஒட்டி வண்டல் சுமார் 5 கிலோமீட்டர் தடிமனுக்கு நிரம்பியிருக்கிறது. தெற்கே போகப்போக மெலிந்து, சமவெளியின் தென்விளிம்பிலுள்ள புந்தேல்கண்டில் பழம்பாறையே வெளியே தெரிகிறது. விழுகிற வண்டலும் தன் பங்குக்குப் பள்ளத்தை அழுத்துகிறது.

புவி இயற்பியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தட்டின் விறைப்பு பற்றிய கணக்குகளை நானும் போட்டுப் பார்த்தவன்தான். மெத்தையை வைத்து யாரையும் சமன்பாடு எழுதச் சொல்லவில்லை.

நிலவியல் முதுகலை படிக்கும்போது களப்பயணமாக டேராடூன் போனோம். தில்லிச் சாலையில் மோஹண்ட் என்ற இடம் வரை ஒரே சமதரை. அங்கே இமயத்தின் தென்விளிம்பான சிவாலிக் குன்றுகள் திடீரென்று எழுகின்றன. பேராசிரியர் எங்களை வேனிலிருந்து இறக்கி, வறண்ட ஆற்றுப் படுகை வழியாக வடக்கே நடக்கவிட்டார். முதலில் சாம்பல்நிற மணற்பாறை. சுத்தியலால் லேசாகத் தட்டினாலே உதிர்ந்தது. உள்ளங்கையில் மைக்கா மினுமினுத்தது. பாறை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, ஆற்று மணல் அள்ளியது போலத்தான். அடுக்குகள் வடக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. அதனால் மலைப்பக்கம் நடக்க நடக்கப் பழைய பாறை வரவில்லை, வயதில் இளைய பாறைதான் வந்தது. போகப்போக மணலுக்கு நடுவே கூழாங்கல் வரிசைகள் தலைகாட்டின. கடைசியில் இரு கரையும் திரள்பாறையாக, அதாவது கூழாங்கற்கள் ஒன்றாக இறுகிய பாறையாக நின்றது. அதில் பதிந்திருந்த ஒரு குவார்ட்சைட் கல்லைத் தடவிக்கொண்டே பேராசிரியர் கேட்டார்: "இவ்வளவு பெரிய கல்லை உருட்ட வேண்டுமென்றால் மலை எங்கே இருந்திருக்க வேண்டும்?"

பக்கத்தில்தான். கீழே மணல், மேலே கூழாங்கல் என்றால், மலைமுகப்பு படுகையை நோக்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது என்று பொருள். அதோடு நிற்கவில்லை. நாங்கள் மிதித்து நடந்த குன்றே பழைய படுகையின் வண்டல்தான். மலை தெற்கே நகர்ந்து, தான் உண்டாக்கிய பள்ளத்தையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டது. அதற்குத் தெற்கே இன்றைய பள்ளம் தொடர்கிறது. கங்கை அதில் ஓடுகிறது.

காலத்தில் இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் இமாச்சலத்தின் சோலன் மாவட்டத்துக்குப் போங்கள். சுபாத்து, தக்‌ஷாய், கசௌலி என்ற மூன்று ராணுவக் குடியிருப்பு ஊர்களின் பெயரில் மூன்று பாறைத் தொகுதிகள் இருக்கின்றன. சுபாத்துவில் கடல் படிவு: காசு வடிவிலான நம்முலைட்டஸ் புதைபடிவங்கள். தக்‌ஷாயில் சிவந்த களிமண்பாறை, அதாவது கடல் விலகி ஆறு வந்துவிட்டது. கசௌலியில் பெரிய ஆறுகள் கொண்டுவந்த மணற்பாறை. சுபாத்துவுக்கும் தக்‌ஷாய்க்கும் நடுவே நீண்ட கால இடைவெளி உண்டு. தட்டு வளையும்போது பள்ளத்துக்கு அப்பால் உண்டாகும் மெல்லிய புடைப்பு அந்த வழியாகக் கடந்துபோனதன் அடையாளம் அது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டதல்ல, தேர்வில் அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

எல்லோரும் சிகரத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். சிகரத்தில் இருப்பது தேய்ந்தது போக மிச்சம். தேய்ந்ததில் ஒரு பங்கு பள்ளத்தில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. மலையின் வரலாறு வேண்டுமென்றால் பள்ளத்தைத்தான் தோண்ட வேண்டும்.

தோண்டுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. இவ்வளவும் படித்துவிட்டு இன்று நிலத்தடி நீர் ஆய்வுதான் எனக்குச் சோறு போடுகிறது. சித்தப்பா தோட்டத்தில் காலையிலிருந்து மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளவெடுத்து இடம் குறித்துக் கொடுத்தேன். மறுநாளே உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரை வரவழைத்து, அவர் காட்டிய இடத்தில் போர் போட்டார்கள். அவருக்கு வெற்றிலை பாக்கோடு ஐயாயிரம் ரூபாய். எனக்கு ஒரு சொம்பு மோர். "நிலவியல் படித்தவனுக்குப் பூமியைப் பற்றி என்ன தெரியும்" என்பதுபோல் சித்தி பார்த்த பார்வையைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

அப்படியானால் கங்கைச் சமவெளியும் ஒருநாள் மலையாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதன் வட விளிம்பு ஆகும். இமயத்தின் குறுக்கே ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நெருக்கம் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் உங்கள் தேர்வு முடிவுகூட வந்துவிடலாம்.