கொல்லங்கோட்டில் இருக்கிறேன், முதன்முறையாகப் பால் பைத்தான் (ball python) என்ற பாம்பின் குட்டி வாங்கப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நான் உங்களுக்குப் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். வெளிநாடு போன கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் முறைப்படி என் பெயருக்கு மாற்றிக் கொடுத்த பால் பைத்தான் ஒன்றரை வருடமாக என் வீட்டில் வளர்கிறது.

முதலில் காகிதம். தென்னந்தோப்பில் அகப்பட்ட மண்ணுளியை ராசி என்று சொல்லி விற்க வந்தால் தொடவே தொடாதீர்கள். சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வீட்டில் வைத்திருந்தால் சிறை. பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு என்பதால் வளர்க்கலாம். ஆனால் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாட்களுக்குள் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையென்றால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டார் எழுதியவை. பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதே அவர்கள் கவலை. பெட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரியிலும் மறுமுனை 26, 27 டிகிரியிலும் இருக்க வேண்டும். பாம்பு தன் உடம்புக்கு வேண்டியபடி அங்கும் இங்கும் நகர்ந்துகொள்ளும். ஏப்ரலில் வெளியே 40 டிகிரியைத் தொடும் நம் ஊரில், மொட்டைமாடி அறையில் பெட்டியை வைத்தால் அதற்கு ஒதுங்க இடமே இருக்காது. கீழ்த்தளத்தில், வெயில் படாத அறையில் தரையோடு வையுங்கள். பெட்டிக்குச் சூடு தரும் ஹீட் மேட் விரிப்பை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருநாளும் போடாதீர்கள். கோடையில் நான் அதை அணைத்தே விடுகிறேன்.

மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று இன்னொரு சோதனை. நம் உதடு வெடிக்கும்போது பாம்பின் தோலும் காய்கிறது. முதல் தையில் என் பாம்பின் கண்கள் நீலம் பாய்ந்து மங்கின; சட்டை உரிக்கப் போகிறது என்று புரிந்தது. நல்ல ஈரம் இருந்தால் சட்டை காலுறையைக் கழற்றியதுபோல ஒரே துண்டாக வரும். எனக்குத் துண்டு துண்டாக வந்தது. வால் நுனியில் ஒரு வளையம் நூல் கட்டியதுபோல இறுகி நின்றது. அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துவாலைக்குள் பாம்பை ஊர்ந்து போகவிட்டேன். அரைமணி நேரத்தில் வளையம் கழன்றது. ஒரு கண்ணின் மேல் ஒட்டியிருந்த பழைய தோலை நான் தொடவில்லை. திருச்சூரில் ஒரு கால்நடை மருத்துவர் எடுத்துவிட்டார். கண் விஷயத்தில் கையை வைக்காதீர்கள்.

அதன்பிறகு, பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தென்னைநார்க் கழிவை உப்புப் போக அலசிப் பெட்டியில் நான்கு விரல் உயரம் பரப்பினேன். பாம்பு ஒளிந்துகொள்ள வாய் உடைந்த மண்சட்டிகள் இரண்டைக் கவிழ்த்து, சூடான முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றும் வைத்தேன். குளிர்ந்த பக்கத்துச் சட்டியைத் தினமும் நனைக்கிறேன். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறைவதில்லை. இப்போது சட்டை ஒரே துண்டாக வருகிறது.

உணவு எலிதான். பக்கத்து வீட்டு அம்மா ‘பால்’ என்ற பெயரைக் கேட்டு அன்போடு ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்தார். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது என்று சொன்னேன். பாம்புக்குப் பால் செரிக்காது, கொடுக்கவே கூடாது. வீட்டில் பிடித்த எலியும் வேண்டாம். எலி மருந்து தின்றிருக்கும். இதற்கென்றே வளர்த்து உறையவைத்த எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுங்கள். உயிருள்ள எலி பாம்பையே கடித்துவிடும். எலி பாம்பின் உடம்புப் பருமனுக்கு மேல் இருக்கக் கூடாது. குட்டிக்கு வாரம் ஒருமுறை போதும். சில வாரம் தின்னாமல் கிடந்தாலும் எடை குறையாதவரை பதறாதீர்கள்.

வந்த முதல் வாரம் தூக்கவே வேண்டாம். தின்ற பிறகு இரண்டு நாளும் அப்படியே. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மூடிக்குப் பூட்டு கட்டாயம். விரல் நுழையும் இடைவெளி போதும், குட்டி வெளியேறிவிடும்.

நல்ல பராமரிப்பில் 20, 30 வருடம் வாழும் உயிர் இது. நீங்கள் படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் இப்போதே பேசுங்கள்.

குட்டியை வாங்கும் முன் காலிப் பெட்டியைப் பத்து நாள் ஓட்டிப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் இரு முனைகளின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்து இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.