சிவப்பு வயர் பேஸ் அல்ல: பழைய பிபிசி மைக்ரோவின் வயரிங்கைச் சோதிக்கும் முறை

கேள்வி: எங்கள் பள்ளி ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது பிபிசி மைக்ரோ மாடல் பி கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், பவர் சப்ளையிலிருந்து வரும் ஏழு வயர்களில் நான்கு கழன்று தொங்குகின்றன. பள்ளிக்கு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், "சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், மாட்டிவிடலாம்" என்கிறார். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. ஓரளவு சால்டரிங் தெரியும். கரண்ட் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் எலக்ட்ரீஷியனைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். நம் ஊர் வீட்டு வயரிங்கில் அவர் சொல்வது சரி. இந்தக் கம்ப்யூட்டருக்குள் அந்தக் கணக்கு செல்லாது. உங்கள் ஏழு வயர்களில் சிவப்பு மூன்றும் +5 வோல்ட் டிசி, கறுப்பு மூன்றும் 0 வோல்ட், மிச்சமிருக்கும் ஊதா −5 வோல்ட். 230 வோல்ட் வரும் பக்கத்தில் பிரிட்டிஷ் நிறங்கள்: பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். சிவப்பைப் பேஸ் என்று நினைத்து யாராவது ஒரு முறை கை வைத்தால் போதும், போர்டில் உள்ள சிப்கள் மொத்தமாகப் போய்விடும்.

இந்த மெஷின் எப்படி உங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட இந்த பிபிசி மைக்ரோவைத்தான். இதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மெஷின்களைப் போல 110 வோல்ட் தலைவலி இல்லை, நம் மின்சாரத்திலேயே ஓடும். மாடல் பி போர்டில் பேட்டரியும் கிடையாது. அதனால் பேட்டரி கசிந்து தடங்களை அரித்திருக்குமோ என்ற கவலையும் வேண்டாம். எலி ரிப்பன் கேபிளைக் கடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஸ்டோர் ரூம் மெஷின்களில் இது சகஜம்.

சோதனையில் முக்கால் பங்கு வேலை பிளக் வெளியே இருக்கும்போதே முடிந்துவிடும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, மேசைமேல் உங்கள் கண்ணில் படும்படி வையுங்கள்.

மின்சாரப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். இத்தனை ஆண்டுகளில் யாரோ பழைய பிரிட்டிஷ் பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு பின் பிளக்காக இருக்கும், எர்த் வயரை மடக்கி டேப் சுற்றியிருப்பார்கள். அப்படியிருந்தால் முதல் வேலை மூன்று பின் பிளக் மாற்றுவது. பிறகு மீட்டரை ஓம்ஸில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னையும் பவர் சப்ளையின் உலோகப் பெட்டியையும் தொடுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். பேஸ் பின்னுக்கும் பெட்டிக்கும் இடையில் எதுவும் காட்டக் கூடாது, நியூட்ரலுக்கும் அப்படியே. பேஸ் நியூட்ரல் இரண்டுக்கும் நடுவே, கம்ப்யூட்டரின் சுவிட்ச் ஆனில் இருக்கும்போது எண் மெல்ல ஏறினால் பயப்பட வேண்டாம், உள்ளே கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது. பூஜ்யத்திலேயே நின்றால்தான் ஷார்ட். எலக்ட்ரீஷியன் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் மீட்டரை எடுத்து வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 500 வோல்ட்டைச் செலுத்தும். அவர் சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டரும் இங்கே பிரயோஜனம் இல்லை. ஐந்து வோல்ட்டுக்கு அந்த நியான் எரியாது. எரியவில்லை என்பதை வைத்து 'சப்ளை வரவில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்.

இனி அந்த ஏழு வயர்கள். கழன்றவை நான்கு என்கிறீர்கள். மற்ற மூன்றையும் கழற்றிவிடுங்கள். அவை சரியான இடத்தில்தான் இருக்கின்றன என்பதற்கு என்ன உத்தரவாதம்? கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. நோஸ் பிளையரால் உலோக முனையைப் பிடித்து, போர்டில் நிற்கும் கம்பியை ஆட்டாமல் நேராக மேலே தூக்குங்கள். அந்தக் கம்பி ஆடினால் அடியில் சால்டர் விரிசல் விடும், அப்புறம் வருஷம் முழுக்க 'சில நேரம் ஓடுது, சில நேரம் ஓடல' என்று அலைவீர்கள்.

போர்டில் அந்தந்த முனையின் பக்கத்திலேயே எது +5, எது 0, எது −5 என்று அச்சிட்டிருக்கும். அச்சு இருந்தாலும் ஒரு முறை மீட்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குச் சிப்களே சாட்சி. மெஷினின் மூளையான 6502 சிப்பில் 1, 21 ஆகிய பின்கள் 0 வோல்ட். 8ஆம் பின் +5. நாற்பது கால் உள்ள நீளமான சிப் அது. வெட்டு உள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தால் இடது மேல் கால்தான் 1; அங்கிருந்து இடப்பக்கம் கீழே எண்ணிக்கொண்டே வந்து, வலப்பக்கம் மேலே ஏற வேண்டும். மீட்டரை 'பீப்' அடிக்கும் நிலையில் (கன்டினியூட்டி) வைத்துத் தொட்டால், மூன்று 0 வோல்ட் முனைகளும் அந்த 1ஆம் பின்னோடு ஓசை தர வேண்டும். +5 முனைகளுக்கு, அந்தந்த முனைக்கு அருகிலுள்ள சிறிய சிப்களில் ஒன்றைப் பாருங்கள். 74 எல்எஸ் வரிசையில் பதினான்கு கால் சிப் என்றால் பொதுவாக 14ஆம் பின் +5, 7ஆம் பின் 0. இருபது கால் என்றால் 20, 10. 7490, 7493 போன்ற சில பழைய சிப்கள் மட்டும் இந்த வழக்கத்துக்கு அடங்காது. அவற்றில் 5ஆம் பின் +5, 10ஆம் பின் 0. அவற்றை விட்டுவிட்டு வேறு சிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். +5 முனைக்கும் 0 முனைக்கும் இடையில் மீட்டர் 'பீப்' அடித்ததும் ஷார்ட் என்று பதறி, கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். பல மீட்டர்கள் முப்பது, நாற்பது ஓமுக்கே பீப் அடிக்கும். அந்தக் காலத்துப் போர்டில் இத்தனை சிப்கள் ஒரே லைனில் தொங்கும்போது ரெசிஸ்டன்ஸ் குறைவாகத்தான் காட்டும். காதை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குக் கீழே நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். மூன்று +5 முனைகளையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள்.

ஊதா வயரின் முனையை நன்றாகப் பார்த்து, டேப் ஒட்டி அடையாளம் செய்துவிடுங்கள். ஏழு முனைகளும் ஒரே மாதிரி, எது எதிலும் பொருந்தும். −5 சீரியல் போர்ட் போன்ற சின்ன வேலைகளுக்குத்தான் தேவை. ஆனால் அதை +5 முனையில் மாட்டிவிட்டால் மெஷின் அதோடு முடிந்தது.

இப்போது நிஜமான ஆபத்து. பவர் சப்ளை பெட்டிக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில், 0.1 மற்றும் 0.01 மைக்ரோஃபாரட் அளவில் இரண்டு ரீஃபா கெப்பாசிட்டர்கள் இருக்கும். மஞ்சள் சாயலில், உள்ளே சுருட்டிய காகிதம் தெரியும்படி கண்ணாடி போன்ற உறை. நாற்பது ஆண்டுகளில் அந்த உறை நுண்ணிய விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நம் மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரண்ட் கொடுத்த சில நிமிடங்களிலேயே வெடித்து, அறை முழுக்க வெண்புகையும் காரமான நாற்றமும் பரவும். பிபிசி மைக்ரோ வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வியாதி இது. விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவற்றை மாற்றிவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பேன். மாற்றுவதற்கு 'எக்ஸ்2' வகை, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டது வாங்குங்கள். 400 வோல்ட் டிசி என்று போட்டிருக்கும் சாதாரண கெப்பாசிட்டர் அந்த இடத்துக்கு ஆகாது.

இந்த வேலையை நீங்களே செய்யலாமா? வருடக்கணக்கில் பிளக் செருகாத மெஷின் என்றால் உள்ளே சார்ஜ் மிச்சமிருக்காது. ஆனால் யாராவது ஆர்வத்தில் நேற்று ஆன் செய்து பார்த்திருந்தால் கதை வேறு. 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது கிட்டத்தட்ட 325 வோல்ட் ஆகிறது, பெரிய கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்டு, மீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து அளந்து, சில வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே தொட வேண்டும். இதைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால், பெட்டியை மட்டும் கழற்றி டிவி, எஸ்எம்பிஎஸ் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு அது தினசரி வேலை.

கெப்பாசிட்டர் மாற்றியாயிற்று, வயர்கள் இன்னும் போர்டில் மாட்டவில்லை. இந்த நிலையில் பவர் சப்ளையைத் தனியாகச் சோதியுங்கள். இந்த வகை சப்ளைகளில் பல, சுமையே இல்லாமல் ஒழுங்காக ஓடாது. 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒரு சிவப்புக்கும் ஒரு கறுப்புக்கும் இடையில் இணைத்தால் சுமார் ஒரு ஆம்பியர் எடுக்கும். அது சூடாகும், பிளாஸ்டிக்கின் மேல் வைக்காதீர்கள். மற்ற வயர் முனைகளை ஒன்றோடொன்று உரசாதபடி டேப் சுற்றிப் பிரித்து வையுங்கள். உங்கள் எலக்ட்ரீஷியனை இப்போது கூப்பிடலாம். பல்பு வழியாகக் கரண்ட் கொடுக்கும் அவருடைய சீரிஸ் போர்டு இங்கேதான் கைகொடுக்கும். 100 வாட் குண்டு பல்பு போட்டுக்கொள்ளுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல சகுனம். முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே ஷார்ட்.

பல்பு மங்கினால், சீரிஸ் இல்லாமல் நேரடியாகக் கொடுத்து ஒவ்வொரு சிவப்பு வயரையும் அளங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் போர்டில் மாட்டும் பேச்சே வேண்டாம். ஊதா −5க்கு அருகில் காட்ட வேண்டும், மைனஸ் குறியோடு.

எல்லாம் சரியென்றால் பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டரைக் கழற்றி, ஏழையும் மாட்டுங்கள். தளர்வாக உட்காரும் முனைகளைப் பிளையரால் லேசாக அமுக்கி இறுக்கவும். துரு ஏறிப் பழுப்பாகியிருந்தால் புதிதாகப் போடுவது நல்லது. கீபோர்டின் ரிப்பனையும் செருகிவிட்டு ஆன் செய்தபின், மீட்டரின் கறுப்பு முனையை 6502இன் 1ஆம் பின்னிலும் சிவப்பு முனையை 8ஆம் பின்னிலும் வையுங்கள். பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாமல் கவனம். பவர் சப்ளையில் 5.0 இருந்து இங்கே 4.7 என்றால், முனைகளில் ஏதோ ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். சிப்பைக் குறை சொல்வதற்கு முன் அதைச் சரி செய்யுங்கள்.

ஓடும் மெஷின் என்றால் முதலில் ஒரு தாழ்ந்த ஓசை, உடனே ஒரு சின்ன உயர்ந்த 'பீப்'. தாழ்ந்த ஓசை நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தால் 6502 வேலையைத் தொடங்கவில்லை. அணைத்துவிட்டு, சாக்கெட்டில் இருக்கும் சிப்களை ஒவ்வொன்றாக அமுக்கி உட்காரவைத்து மறுபடி பாருங்கள். பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகிவிடும். திரைக்குப் புது மானிட்டர் தேடி அலைய வேண்டாம். பின்பக்கம் 'வீடியோ அவுட்' என்ற வட்டமான பிஎன்சி சாக்கெட்டிலிருந்து பழைய டிவியின் மஞ்சள் ஏவி சாக்கெட்டுக்கு ஒரு வயர் இழுத்தால், கறுப்பு வெள்ளையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று வந்து நிற்கும்.