கடல் கடந்து வரும் பாவித்த ஒலிச் சாதனங்களும் சுங்கத் தீர்வையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானில் விற்பனைக்கு இருக்கும் பழைய அம்ப்ளிஃபையர் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். விலை நமது பணத்தில் 60,000 ரூபாய் வருகிறது. பாவித்த பொருள் என்பதால் தீர்வை பெரிதாக இராது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?
(ஆசிரியர், தலவாக்கலை)

பதில்: சரியல்ல. இந்த நம்பிக்கையோடு காசைக் கட்டிவிட்டுப் பிறகு பொதியை மீட்க முடியாமல் தவித்தவர்களின் கடிதங்கள் எமக்குத் தொடர்ந்து வருவதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருள் புதியதா பழையதா என்பதை வைத்துத் தீர்வை வீதம் குறைவதில்லை. பழைய பொருளுக்கு நீங்கள் உண்மையில் கொடுத்த விலை குறைவாக இருப்பதால் வரியின் தொகை குறையலாம். பழையது என்பதால் கிடைக்கும் சலுகை அவ்வளவுதான்.

அடுத்து, வரி விதிக்கப்படுவது அந்த 60,000 ரூபாய்க்கு மட்டுமல்ல என்பதைக் கவனியுங்கள். பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் அல்லது விமானக் கூலி ஆகிய மூன்றையும் கூட்டி வரும் தொகையையே இலங்கைச் சுங்கத் திணைக்களம் பெறுமதியாகக் கொள்கிறது. வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்றும்போதும் உங்கள் வங்கி அட்டையின் மாற்று வீதம் பார்க்கப்படுவதில்லை. திணைக்களம் வாரந்தோறும் வெளியிடும் மாற்று வீதமே கணக்கில் எடுக்கப்படும். கூலி 38,000 ரூபாயும் காப்புறுதி 2,000 ரூபாயும் ஆனால், பெறுமதி 1,00,000 ரூபாய் ஆகிவிடும்.

இனி வரிகளைப் பார்ப்போம். முதலாவது இறக்குமதித் தீர்வை. இரண்டாவது துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி அறவீடு. சில பொருள்களுக்குச் செஸ் எனப்படும் மேலதிக இறக்குமதி வரியும் உண்டு. இவற்றின் வீதங்கள், ஒவ்வொரு பொருள் வகைக்கும் சுங்க அட்டவணையில் உள்ள குறியீட்டு எண்ணுக்கு ஏற்ப மாறுவதோடு, அரசாங்கம் அவ்வப்போது மாற்றியமைக்கவும் செய்வதால், வாங்கும் வாரத்தில் சுங்க இணையத்தளத்திலுள்ள தீர்வை அட்டவணையைத் திறந்து பார்த்துக்கொள்வது அவசியம். கணக்கு விளங்குவதற்காக மட்டும் தீர்வையை 20 சதவீதம் என்றும் துறைமுக அறவீட்டை 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது தீர்வை 20,000 ரூபாய், அறவீடு 10,000 ரூபாய்.

பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதமாக இருக்கிறது. இதைக் கணக்கிடும்போது 1,00,000 ரூபாயுடன் அதன் பத்தில் ஒரு பங்கையும், மேலே சொன்ன தீர்வையையும் அறவீட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே அடிப்படைத் தொகை 1,40,000 ரூபாய். அதற்கான வரி 25,200 ரூபாய். அதே அடிப்படையில் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 சதவீதம், அதாவது 3,500 ரூபாய். எல்லாம் சேர்ந்து வரி மட்டும் 58,700 ரூபாய். 60,000 ரூபாய் அம்ப்ளிஃபையர் தலவாக்கலைக்கு வந்து சேரும்போது 1,58,700 ரூபாய்க்கு மேல் முடிந்திருக்கும். சுங்க முகவரை வைத்து மீட்டால் அவரது கட்டணம் தனி. உங்கள் நண்பரிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: குறியீட்டு எண் என்கிறீர்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பீக்கர் வாங்குவதாயிருந்தால் எது நல்லது?
(தச்சுத் தொழிலாளி, நானுஓயா)

பதில்: முதல் நான்கு இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றுதான். ஸ்பீக்கர், அம்ப்ளிஃபையர், மைக் ஆகியவை 8518 என்ற தலைப்பில் வரும். இசைத்தட்டுச் சுழலி, அதாவது ரெக்கோட் பிளேயர், 8519. வானொலி உள்ளடங்கிய ரிசீவர் 8527. இசைத்தட்டு 8523. அம்ப்ளிஃபையர் என்று நினைத்து வாங்கியதில் வானொலியும் இருந்தால் தலைப்பே மாறிவிடும்; வீதமும் மாறக்கூடும்.

ஸ்பீக்கர் விடயத்தில் உங்களுக்குக் கைத்தொழில் துணை நிற்கிறது. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எண்ணை எடையோடு ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கூலி கேட்பார்கள். 60, 40, 40 சென்ரிமீற்றர் அளவுள்ள ஒரு பெட்டி 12 கிலோதான் இருந்தாலும் 19.2 கிலோவுக்குரிய கூலியை வாங்கிவிடும். அந்தக் கூலி பெறுமதியில் ஏறி, அதற்கும் வரி விழும். அதாவது, பெட்டிக்குள் இருக்கும் வெறுங்காற்றுக்குக்கூட நீங்கள் தீர்வை கட்டுகிறீர்கள். ஆகையால் பெட்டியில்லாத ஸ்பீக்கர்களை மட்டும் வரவழைத்து, உற்பத்தியாளர் கொடுத்த கன அளவுப்படி பிளைவுட்டில் நீங்களே பெட்டி செய்துகொள்ளுங்கள். வாங்கும் முன் ஸ்பீக்கரின் விளிம்பைக் கிட்ட வைத்து எடுத்த படத்தைக் கேட்டுப் பெறுங்கள். பழைய நுரை விளிம்பு விரல் பட்டாலே கறுப்புப் பொடியாக உதிரும். நமது மலைக் குளிரும் ஈரமும் அதைக் காப்பாற்றா.

கேள்வி: லண்டனில் இருக்கும் சித்தப்பா தான் பாவித்த ரெக்கோட் பிளேயரை எனக்கு அனுப்பப் போகிறார். பொதியின் மேல் ‘அன்பளிப்பு, 10 பவுண்’ என்று எழுதிவிட்டால் வரி வராது என்று பலரும் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். அன்பளிப்பாக வரும் பொருளுக்குக் கொடுத்த விலை என்று ஒன்று இல்லாததால், சுங்க அதிகாரிகள் வேறு வழியில் பெறுமதியைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்: முதலில் அதே பொருள் என்ன விலைக்கு இறக்குமதியாகியிருக்கிறது என்றும், அது கிடைக்காவிட்டால் அதையொத்த பொருள் என்ன விலை என்றும் பார்ப்பார்கள். பெயர்பெற்ற சுழலிகளின் இன்றைய சந்தை விலை இணையத்தில் எவருக்கும் தெரியும். 10 பவுண் என்ற எழுத்து அங்கே நிற்காது. பெறுமதியைப் பொய்யாகக் காட்டுவது சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். பொருள் பறிமுதலாகவும் இடமுண்டு. கடனுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஆசைப்பட்டு ஒரு பொருளை வரவழைக்கும் நமது குடும்பங்களுக்கு அந்த இழப்பு தாங்கக்கூடியதல்ல.

பதிலாக, அதே வகைச் சுழலி இங்கிலாந்தில் பாவித்த நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்பதைக் காட்டும் இரண்டு மூன்று பக்கங்களை அவர் அச்செடுத்து, வாங்கிய பழைய பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் சேர்த்து, பொருளின் வயதையும் குறைகளையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுப் பொதிக்குள் வைக்கட்டும். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

பொதி செய்வது பற்றியும் ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்த சுழலியில், தட்டைக் கழற்றாமலே கட்டி அனுப்பியிருந்தார் விற்றவர். பெட்டியைத் திறந்தபோது கனத்த அலுமினியத் தட்டு அச்சை வளைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கட்டிய வரி கட்டியதுதான். சித்தப்பா தட்டையும், ஊசிக் கையின் பின்னுள்ள எதிரெடையையும் கழற்றித் தனித்தனியே சுற்றி, ஊசிக் கையை அதன் தாங்கியில் கட்டி அனுப்ப வேண்டும்.

லண்டன் சுழலி என்பதில் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. அங்கும் இங்கும் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ற், 60 ஹெர்ட்ஸ் சுழலி வந்தால் மின்மாற்றி வோல்ற்றை மட்டுமே சரிசெய்யும். மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றிச் சுற்றும் பழைய மோட்டாரானால், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக 27.8 சுற்றே சுற்றும். பாட்டின் சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். அதைத் திருத்த 50 ஹெர்ட்ஸுக்குரிய கப்பி தேவை.

கேள்வி: திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறேன். கட்டாரில் வேலை செய்யும் தம்பி விடுமுறையில் வரும்போது பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பாவித்த மிக்ஸர் ஒன்றும் நான்கு வயர்லெஸ் மைக்குகளும் கொண்டுவர முடியுமா?
(வாசகர், ஹட்டன்)

பதில்: பயணப் பொதிக்கான தீர்வைச் சலுகை, வெளிநாட்டில் தங்கிய நாள்களுக்கு ஏற்பத் தரப்படுவது. அது பயணியின் சொந்த, வீட்டுப் பாவனைக்கானது. உங்கள் தொழிலுக்கான சாதனத்தை அதற்குள் அடக்க முயல வேண்டாம். தம்பி கட்டுநாயக்கா விமான நிலையத்தில், தீர்வைக்குரிய பொருள் கொண்டுவருவோருக்கான சிவப்பு வழியால் சென்று மிக்ஸரைத் தாமாகவே காட்டி, விலைச்சிட்டையைக் கொடுத்து, வரும் வரியைக் கட்டட்டும். வயர்லெஸ் மைக் வானொலி அலையை அனுப்பும் கருவி என்பதால், அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அந்த மைக்கின் மாதிரி எண்ணையும் அது இயங்கும் அலைவரிசையையும் தம்பியிடம் கேட்டு, அவர் காசு கொடுக்கும் முன்பே ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை வயர் மைக்கே போதும்; மழைக்காலத் திருவிழாவில் மின்கலம் தீர்ந்து நடுவில் நின்றுபோகாத மைக்கும் அதுதான்.