பனை ஏறினவருக்கும் வார் வேண்டும்

தம்பி, லீவில் திருகோணமலைக்கு வந்து நிற்கிறேன். உமது கேள்வியை உவர்மலையில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்துதான் வாசித்தேன். நிலாவெளியில் இருந்து போன வருசம் கனடாவில் ஒன்ராறியோவுக்குப் போயிருக்கிறீர். வேலையிடத்து வெள்ளைக்காரர் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார், மரத்தில் உயரக் கட்டின ட்ரீ ஸ்டாண்ட் என்கிற தட்டில் இருக்க வேண்டுமாம். என்ன துவக்கு, என்ன சப்பாத்து, விழாமல் உடம்பில் கட்டுகிற ஹார்னஸ் வார் உண்மையிலேயே தேவையா, "நாங்கள் பனை ஏறின ஆக்கள்தானே" என்று கேட்டிருக்கிறீர்.

துவக்கும் சப்பாத்தும் கூப்பிட்டவரே சொல்லுவார். வேட்டைப் பயிற்சியும் லைசென்சும் இல்லாமல் துவக்கைத் தொட வேண்டாம், அவ்வளவுதான். அந்தப் பனைக் கதைக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பனை ஏறுகிறவர் காலில் தளைநார் போட்டு, நெஞ்சு மரத்தோடு ஒட்ட, கட்டிப்பிடித்தபடியே ஏறி இறங்குவார். ட்ரீ ஸ்டாண்டில் மரம் உமது முதுகுக்குப் பின்னால். சுளகளவு இரும்புத் தட்டு, பதினைந்து இருபது அடி உயரம், இரண்டு ஜக்கெற், விறைத்த விரல், விடிய முதல் எழும்பின நித்திரை. தம்பலகாமத்தில் யானைக்குக் காவல் இருக்கிற பரணையும் நினைக்க வேண்டாம். அதில் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம்.

மேலே போய் இருந்த பிறகு ஹார்னஸைக் கொளுவினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விழுகிறவர்கள் பெரும்பாலும் ஏறி இறங்கும்போதும், ஏணியில் இருந்து தட்டுக்குக் கால் மாற்றும்போதும்தான் விழுகிறார்கள். அதற்குத்தான் லைஃப்லைன். தட்டுக்கு மேலே மரத்தில் கட்டி நிலம் வரை விடுகிற கயிறு அது, அதில் பாரம் விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிற புருசிக் முடிச்சு ஒன்று உம்மோடு ஏறி இறங்கும். கால் நிலத்தில் இருக்கும்போதே ஹார்னஸை அதில் கொளுவும், திரும்ப நிலத்தில் கால் வைத்த பிறகு கழற்றும். மேலே இருக்கும்போது முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளி, வார் தொய்யாமல் வையும். துவக்கைத் தோளில் மாட்டி ஏறவே கூடாது. தோட்டாவை எடுத்து, குழல் வாய் நிலத்தைப் பார்க்கக் கட்டி, மேலே இருந்து கயிற்றால் இழுத்து எடும்.

நான் ஹார்னஸ் பழகினது காட்டில் இல்லை, கூரையில். கனடாவுக்குப் போன புதிதில் ஸ்காபரோவில் கூரை வேலை. முதலாளி எங்கட ஆள்தான், பெயர் எதற்கு, பழைய இடுப்புப் பட்டி ஒன்றைத் தந்து "இது காணும், கெதியா ஏறு" என்றார். அந்தக் குளிரில், பாஷையும் தெரியாமல், யாரிடம் முறையிடுகிறது? பிறகு ஒரு போர்த்துக்கீசரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கிற முழு உடல் ஹார்னஸை அவர்தான் போட்டுக் காட்டினார். இடுப்புப் பட்டியில் தொங்கினால் வயிறு நெரிந்து மூச்சு நின்றுவிடும் என்றும் அவர்தான் சொன்னார். இப்போது அங்கே கட்டட வேலையில் 3 மீட்டருக்கு மேல் விழ இடமிருந்தால் பாதுகாப்பு கட்டாயம், 2015 முதல் அதற்குப் பயிற்சியும் கட்டாயம். காட்டில் நீர் அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு உயரத்தில் இருப்பீர், எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். எங்கட சில ஆக்கள் மடியில் துவக்கோடு, வார் ஒன்றும் இல்லாமல் ஃபேஸ்புக்கில் படம் போடுகிறார்கள். வீரமாம்.

இன்னொரு கூட்டம் மலிவென்று பழைய ஸ்டாண்ட் வாங்குகிறது. வருசக்கணக்காக வெயிலிலும் ஸ்னோவிலும் கிடந்த பட்டி உக்கிப் போயிருக்கும், பார்வைக்குத் தெரியாது. ஆஷ் மரத்தில் கட்டவே வேண்டாம். 2002இல் வின்சர் பக்கம் கண்டுபிடித்த பச்சை வண்டு அந்தச் சாதியையே அரித்துவிட்டது. பட்ட மரம் நிமிர்ந்துதான் நிற்கும், ஆனால் பாரம் தாங்காது.

விழுந்து ஹார்னஸில் தொங்கினாலும் அவசரம் முடியவில்லை. தொடை வார் இறுக்க, இரத்தம் காலில் தேங்கி, கொஞ்ச நேரத்திலேயே மயக்கம் வரலாம். கால் ஊன்றி எழும்ப ஒரு தனி வார் ஹார்னஸோடு வரும், அதைக் கைக்கு எட்ட வையும். போனும் விசிலும் நெஞ்சுப் பொக்கற்றில் இருக்கட்டும், மேலே கொளுவின பையில் வேண்டாம். எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவீர் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போம்.

நேற்றுக் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் புள்ளிமான்கள் சனத்துக்குப் பயமே இல்லாமல் நின்றன. மான் என்றால் எனக்குச் சின்ன வயதில் அதுதான். இப்போதெல்லாம் கனடாவில் பக்கத்துப் பண்ணை வெள்ளைக்காரரே சீசனுக்கு முதல் தன் ஸ்டாண்டைப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார். இறைச்சியை எப்படிக் காய்ச்சுகிறது என்று கடைசியில் கேட்டிருந்தீர். அங்கத்தைய கடைத்தூள் சரிவராது. அக்கா சரக்குத்தூள் இடிக்கிறா, அடுத்த கிழமை வரும்போது உமக்கும் ஒரு பை கொண்டு வாறேன்.