சிங்கப்பூரில் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்களுக்குப் போவதால் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் வேலைக்காக இங்கே புதிதாக வந்திருக்கிறார். படித்த பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சங்கம் இங்கே இருக்கிறதாம், ஆனால் அதில் யாரையும் தெரியாதாம்.

கட்டாயம் போங்கள். ஆனால் ஆண்டு விழாவில் தொடங்காதீர்கள். மேடை, குத்துவிளக்கு, பொன்னாடை, பிள்ளைகளின் நடனம், பஃபே என்று எல்லாம் நன்றாகவே நடக்கும். ஆனால் புதிதாக வந்தவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரைத் தவிர வேறு யாரும் பழக்கமாக மாட்டார்கள். முதலில் பூங்காவில் நடக்கும் ஒன்றுகூடலுக்குப் போங்கள்.

நான் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில்தான் கூடுவோம். பார்பிக்யூ அடுப்புக்கு முன்பதிவு செய்துவிட்டு மத்தியானமே நாலைந்து பேர் போய்விடுவார்கள். நீங்களும் அந்த நேரத்துக்கே போய்விடுங்கள். கடற்காற்றில் கரி அவ்வளவு சீக்கிரம் பற்றாது. ஒருவர் அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருப்பார், இன்னொருவர் முதல் நாள் ராத்திரியே மசாலா தடவி வைத்த கோழியை டப்பாவிலிருந்து எடுத்து அடுக்குவார். "தம்பி, அந்த இடுக்கியை எடு" என்று ஒரு குரல் வரும். அவர் ஏதோ ஒரு வங்கியில் பெரிய பதவியில் இருப்பவராக இருக்கலாம். அன்றைக்கு அவர் உங்களுக்கு அண்ணன், அவ்வளவுதான். எந்த பேட்ச், எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஹாஸ்டல் என்று கேட்டு முடித்த பிறகுதான் என்ன வேலை என்று கேட்பார்கள். எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும். மற்ற இடங்களில் எஸ் பாஸா, எம்ப்ளாய்மெண்ட் பாஸா (இரண்டும் வேலை அனுமதி வகைகள்), பிஆரா (நிரந்தரவாசியா) என்ற பேச்சு எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்பது போகப்போக உங்களுக்கே தெரியும்.

கார் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2024 ஜூனில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் மரின் பரேட் பக்கத்து நிலையங்கள் திறந்துவிட்டார்கள். ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம்.

ஒரு தடவை குடும்பங்களோடு சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போனோம். அலையாத்திக் காட்டுக்கு நடுவே மரப்பாலத்தில் நடக்கும்போது எல்லாருக்கும் பிச்சாவரம் நினைவு வந்துவிட்டது. சிதம்பரத்தில் படித்துவிட்டு அங்கே படகில் போகாதவர்கள் குறைவு. சேற்றுக்கு மேலே வளைந்து நிற்கும் வேர்களைக் காட்டி, இதுதான் சுரபுன்னை இனம், அப்பா படித்த ஊர்ப்பக்கமும் இது இருக்கிறது என்று ஒருவர் தன் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை அது. அப்பாவின் கல்லூரிக் காலத்தைப் பற்றி அவள் அத்தனை கேள்வி கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

இதனால் வேலை கிடைக்குமா என்றால், நேராகக் கிடைக்காது. எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், எந்த வட்டாரத்தில் அறை வாடகை கட்டுப்படியாகும் என்ற தகவல் கிடைக்கும். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. எங்கள் ஜூனியர் ஒருவரின் அப்பா ஊரில் திடீரென்று தவறிவிட்டார். சேதி வந்தது நடுராத்திரி. திருச்சி விமானத்துக்கு டிக்கெட் போட்டு, சாங்கி விமான நிலையம் வரை காரில் கொண்டுபோய் விட்டவர், பூங்காவின் பார்பிக்யூ அடுப்புப் பக்கம் அவருக்குப் பழக்கமான ஒரு சீனியர். சொந்தபந்தம் இல்லாத ஊரில் இதற்கு ஈடு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். காப்பீடும் வீடும் விற்கவே சிலர் வருவார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சந்தா கட்டுவதற்கு முன் அது பதிவு செய்த சங்கமா என்று கேளுங்கள். இங்கே 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக இயங்கினால் சட்டப்படி பதிய வேண்டும். பதிவு செய்த சங்கம் என்றால் கணக்கு கேட்கவும் உங்களுக்குத் தயக்கம் இருக்காது.

பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது, அதனால் பொங்கல் ஒன்றுகூடலை அதை ஒட்டிய சனி, ஞாயிறில் வைப்பார்கள். பானை, கரும்பு வாங்க லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போக எப்போதும் ஆள் பற்றாது. குழுவில் சேர்ந்ததும் "நான் வருகிறேன் அண்ணே" என்று முதல் ஆளாகச் சொல்லிவிடுங்கள்.